கிழக்குச் சரிவில் ஆள் இல்லை

தொட்டிக்குக் காது வைத்த கதையைச் செம்பாறை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆளுக்கொரு தினுசாகச் சொல்வார்கள் என்பதுதான் தொல்லை. அந்தக் காதுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுத்த நாட்களில் கூடவே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவின் உதவிப் பொறியாளர் மதிவதனி. இன்னொருவர் காதுக்காரர்.

காதுக்காரர் என்றால் பிச்சைக்கண்ணு. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவர் பிச்சைக்கண்ணு. மற்றபடி ஊருக்கே காதுக்காரர். பூமிக்கடியில் குழாய் எங்கே உடைந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வது அவர் வேலை. ஒரு இரும்புக் கம்பி, அதன் தலையில் கிண்ணம் மாதிரிப் பித்தளை மூடி. கம்பியைத் தரையில் ஊன்றி, பித்தளையில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு, "இங்கேருந்து நாலடி, டீக்கடை பெஞ்சுக்கு அடியில" என்பார். தோண்டினால் அங்கேதான் இருக்கும். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் தப்பாகத் தோண்ட வைத்ததாக ஒரு புகார் கிடையாது.

ஊருக்கு நடுவே மேட்டுமலை. அதன் உச்சியில் செங்கல்லும் சுண்ணாம்புமாக, தரைக்குள் பாதி புதைந்த பழைய நீர்த்தேக்கம். நூற்றைம்பது வயசு. நாலு லட்சம் பேர் குடித்த தண்ணீர் அதில்தான் நின்றது. நிலநடுக்கமே தெரியாத ஊர் என்று எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தபோது, ஒரு புரட்டாசி மத்தியானம் பூமி ஒன்பது நொடி ஆடிற்று. நீர்த்தேக்கத்தின் தெற்குச் சுவரில் ஆள் நுழைகிற மாதிரி ஒரு விரிசல். வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். இன்னொன்று வரும், இதைவிடப் பெரிதாக வரும், எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் புதுத் தொட்டிகள். ஆறு எஃகுத் தொட்டிகள், ரப்பர் மெத்தைமேல். பூமி ஆடினால் அவையும் கூடவே ஆடும், உடையாது. இதெல்லாம் வேறு ஊர்களிலும் உண்டு. செம்பாறையின் தனிச் சங்கதி அந்தக் காது. ஊர் முழுக்க மண்ணுக்குள் ஓடுகிற குழாய்களில் வருகிற எல்லா ஓசையையும் தொட்டி கேட்கும். நடுக்கத்தின் முதல் முனகலையே கண்டுபிடிக்கும். எந்த வால்வை மூடுவது, எதைத் திறப்பது, எல்லாவற்றையும் ஆறு நொடியில் தானே முடிவு செய்யும். மனிதர்களைக் கேட்டுக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது.

ஆனால் எந்த ஓசை எதனுடையது என்று அதற்கு யாராவது முதலில் சொல்லித் தரவேண்டுமே. அதற்காகத்தான் பழைய பம்ப் அறையில் ஒரு மைக்கையும் ஸ்பீக்கரையும் வைத்துக் காதுக்காரரை உட்கார வைத்தாள் மதிவதனி.

"இது என்னண்ணே?"

"மாவு மில்லு. பெல்ட்டு தளர்ந்து கிடக்கு. மில்லுக்காரர்கிட்ட சொல்லணும்."

"இது?"

"தறி. கைத்தறி இல்ல, பவர்லூமு. நாலு தறி ஓடுது, ஒண்ணு நூல் அறுந்து நிக்குது."

"இது?"

"தட்டார் தெருவுல மூணாவது வீடு. அந்தம்மா குழாயைச் சரியா மூடாது. எத்தனை தடவை சொல்லியாச்சு!"

மதிவதனி சிரித்துவிட்டாள். "வீட்டு விலாசமெல்லாம் வேணாம்ணே. இதுக்கு மூணே வார்த்தைதான் தெரியும். ஆள், மெஷின், இயற்கை. அதுல எதுன்னு மட்டும் சொல்லுங்க."

"அப்ப ஆளு."

இப்படியே நாற்பது நாள் போயிற்று. அவர் தன் கம்பியின் ஓசையையும் கொடுத்தார். தரையில் ஊன்றும்போது அவருக்கு ஒரு வழக்கம். இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒரு இழுப்பு இழுப்பார். டக், டக், சர்ர். வேலைக்குப் போகிற ஊழியர் எங்கே நிற்கிறார் என்று தொட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் தலையில் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அதைத் தனியாகப் பதிவு செய்தார்கள். 'ஆள். ஊழியர். பிச்சைக்கண்ணு.'

நாற்பத்தோராம் நாள் ஸ்பீக்கரில் ஒரு புது ஓசை வந்தது. டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டொக், டொக், டொக்.

காதுக்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"என்னண்ணே, தெரியலையா?"

"தெரியாம என்ன? பாறை. வெயில் ஏறினா விரியும், அந்தச் சத்தம்."

"மேட்டுமலை கிழக்குச் சரிவுலேருந்து வருது."

"ஆமா, அங்கதான். முள்ளுக்காடு. அங்க யாரு இருப்பா? ஆள் இல்லை மேடம். இயற்கைன்னு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டாள். பாறை எங்கேயாவது எண்ணி மூன்று தடவை விரியுமா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. தோன்றியதைக் கேட்டிருக்கலாம். மாசக் கடைசிக்குள் முடிக்கச் சொல்லி மேலே நெருக்குகிறார்கள், இன்னும் இருநூறு ஓசை பாக்கி, காதுக்காரர் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே சொல்கிறது. அடுத்த ஓசையைப் போட்டாள்.

இரண்டு வருஷத்தில் ஆறு தொட்டிகளும் எழும்பின. ஆறு தொட்டிகளும் எழும்பின. புதுத் தொட்டிகளை நிரப்பிப் பார்த்த அன்று, வியாழக்கிழமை, காதுக்காரர் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிழக்குப் பக்கம் வந்ததும் நின்றார்.

"இந்தப் பக்கம் எதுக்கு மேடம் இவ்ளோ பெரிய கதவு? லாரியே உள்ள போகும்போல இருக்கே."

"அது கொட்டு கதவுண்ணே. நடுக்கம் பெருசா வந்தா உள்ளே தண்ணி அலையடிக்கும்ல? நிறைஞ்ச தொட்டின்னா அந்த அலையே சுவரைப் பிளந்துடும். அதனால கால்வாசித் தண்ணியை உடனே வெளிய தள்ளிடும். வடக்கே ஒரு கதவு, மேற்கே ஒண்ணு, இங்க ஒண்ணு."

"எந்தக் கதவு திறக்கும்?"

"ஆள் இல்லாத பக்கம். அதுவே கேட்டு முடிவு பண்ணும். எல்லாப் பக்கமும் ஆள் இருந்தா எதையும் திறக்காம, உடைஞ்சாலும் பரவாயில்லைன்னு அப்படியே நிக்கும். அவ்ளோ தூரம் போகாது. வடக்கே பஸ் ஸ்டாண்டு, மேற்கே குவார்ட்டர்ஸ். இந்தக் கிழக்குச் சரிவுதான் காலி. நீங்கதானே சொன்னீங்க?"

காதுக்காரர் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. மதிவதனி பயந்து போய், "உடம்புக்கு என்னண்ணே? தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

"ஒரு எட்டு என்கூட வர்றீங்களா மேடம்? கீழதான்."

முள் வேலியில் ஒரு இடத்தில் கம்பியை விலக்கி வைத்திருந்தார்கள். அதில் குனிந்து இறங்கினால், கருவேல மரங்களுக்குக் கீழே வீடுகள். ஒன்றிரண்டு இல்லை, நூற்று நாற்பது. தகரம், ஓலை, சில இடத்தில் செங்கல். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் மரம்தான் தெரியும். ஓரக்குடி என்று பேராம். மதிவதனி அந்தப் பெயரை அன்றுதான் முதல்தடவையாகக் கேட்டாள்.

நடுவில் ஒரு பாறை, பாறையில் ஒரு பிளவு, பிளவுக்கு மேலே மஞ்சள் பூசிய கல். பிளவு காய்ந்து கிடந்தது. அதன் முன்னால் ஏழெட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் இருந்தவள் குடத்தின் அடியைப் பாறையில் தட்டினாள். டொக், டொக், டொக். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். தண்ணீர் வரவில்லை. நகர்ந்து, அடுத்தவளுக்கு இடம் விட்டாள்.



"யாருண்ணே இவங்க? தொட்டி கட்டுனவங்களா?" என்று வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். காதுக்காரரின் ஜாடை அப்படியே இருந்தது. "என் தங்கச்சி மாரிக்கொழுந்து," என்றார் அவர். "இங்கதான் கட்டிக் குடுத்தது."

"வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி இல்லாத வீட்டுக்கு வந்திருக்கீங்க. டீ வேணா போடறேன், லாரித் தண்ணியில. நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன்."

"எதுக்கு அப்படித் தட்டுறீங்க?"

"கேக்காம எடுக்கக் கூடாதும்மா. மூணு தட்டு தட்டுனா, 'இருக்கியா தாயி'ன்னு அர்த்தம். அவ இருந்தா தருவா. இருவது நாளா பதிலே சொல்ல மாட்டேங்கறா. கோவம்போல."

"தண்ணி நல்லா இருக்குமா?"

"அதை ஏன் கேக்கறீங்க! கல்கண்டு மாதிரி இருக்கும். கொஞ்சம் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும், அவ்ளோதான். எங்க ஊத்தம்மாவுக்கு அந்த வாசனைதான் புடிக்கும்னு எங்க மாமியா சொல்லும்."

ஆஸ்பத்திரி வாசனை என்றால் பிளீச்சிங் பவுடர். மதிவதனி காதுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே ஏறும்போது எல்லாவற்றையும் சொன்னார். ஊற்று என்பது பழைய நீர்த்தேக்கத்தின் கசிவு. இருபது வருஷமாக அவருக்குத் தெரியும். ஊரில் ஒரு சொட்டு ஒழுகினாலும் காட்டிக்கொடுக்கிற மனுஷன் இந்த ஒரு கசிவை மட்டும் வாயே திறக்கவில்லை.

"நீர்த்தேக்கத்தை வடிச்சா ஊத்து போயிடும்னு தெரியும் மேடம். போனாப் போகுது, லாரித் தண்ணி வாங்கிப் பொழைச்சுக்குவாங்க. ஆனா ஆள் இருக்குன்னு நான் சொல்லியிருந்தா? புறம்போக்கு. திட்டத்துக்கு இடம் வேணும்னு ஒரே நாள்ல வீட்டைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. அதான் இல்லைன்னேன். வீடாவது மிஞ்சட்டும்னு நெனைச்சேன். தண்ணியை அவங்க தலையிலயே கொட்டும்னு எவன் கண்டான்? பாவி, என் வாயாலயே சொன்னேனே!"

"அன்னைக்கே என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"உங்களை அப்ப எனக்குத் தெரியாதே மேடம்," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் சுருக்கென்று தைத்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மதிவதனி பம்ப் அறையில் போய் உட்கார்ந்து, மூன்று தட்டு என்பது ஆள் என்று தொட்டிக்குச் சொன்னாள். தொட்டி ஏற்கவில்லை. இரண்டு வருஷமாக லட்சத்துக்கு மேல் தடவை கேட்ட ஓசை, ஒரே ஒருவர் சொன்னதற்காக மாறாது. வருவாய்த் துறைப் பதிவிலும் அந்த இடத்தில் வீடு இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு ஆள் சொன்னான் என்று மாற்றிக்கொள்ளக் கூடாது என்று அதை அப்படிக் கட்டியவளே அவள்தான்.

செயற்பொறியாளர் தணிகாசலத்தின் அறைக்கு ஓடினாள். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆள்னு பதிவு பண்ணா என்ன அர்த்தம் தெரியுமா? அங்க குடியிருக்காங்கன்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிடும். ஆக்கிரமிப்புக்கு அங்கீகாரம் குடுத்தது யாருன்னு கேப்பாங்க. இல்லைன்னா காலி பண்ணுவாங்க. எது வேணும் உனக்கு?"

"அப்ப கிழக்குக் கதவையாவது பூட்டிடலாம் சார். சாவி உங்ககிட்டதானே இருக்கு."

"பூட்டிட்டு, நடுக்கம் வந்து தொட்டி பிளந்தா? ஊர் முழுக்க அடிச்சுக்கிட்டுப் போகும். பூட்டச் சொல்லி நீ கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா?"

மதிவதனி கணக்குப் போட்டாள். ஓரக்குடியில் நூற்று நாற்பது வீடு. ஊரில் நாலு லட்சம் பேர். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. கை போகவில்லை.

"திங்கக்கிழமை கமிஷனர் வர்றார். அப்ப பேசுவோம்," என்றார் தணிகாசலம். "நூத்தம்பது வருஷத்துல ஒரு தடவை வந்தது. ரெண்டு நாள்ல வந்துடுமா?"

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு வந்தது.

பம்ப் அறையில் இருந்தாள் மதிவதனி. முதலில் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் நடுங்கிற்று. பிறகு சுவர். திரையில் எழுத்துகள் ஓடின. 'வடக்கு: ஆள். மேற்கு: ஆள். கிழக்கு: ஆள் இல்லை. கிழக்குக் கதவு திறக்கப்படுகிறது.' வேண்டாம், வேண்டாம் என்று மைக்கில் கத்தினாள். ஆறு நொடிக் கணக்கில் அந்தக் கத்தலுக்கு இடம் வைக்கவில்லை. ஆறு தொட்டிகளின் கால்வாசித் தண்ணீர் ஒரே நேரத்தில் இறங்கிய ஓசையைத் தொட்டி, 'இயந்திரம்' என்று குறித்துக்கொண்டது.

பூமி நின்றதும் ஸ்பீக்கரில் அது கேட்டது. டொக், டொக், டொக். திரையில், 'கிழக்கு: பாறை விரிகிறது. இயற்கை.'

மண்ணுக்கும் தகரத்துக்கும் அடியில் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். காதுக்காரர் அவளுக்கு முன்பே சரிவில் இறங்கிவிட்டார். கம்பியை ஊன்றிக் கேட்டுக் கேட்டு, "இங்க! இங்க ஒருத்தர்!" என்று கத்தினார். முப்பத்திரண்டு வருஷம் ஒழுகலைக் காட்டிய அதே குரல். பதினாலு பேரை உயிரோடு எடுத்தார்கள். மத்தியானம் வரை பாறை விரிந்துகொண்டே இருந்ததாகத் தொட்டியின் குறிப்பில் இருக்கிறது. இரண்டு மணிக்கு மேல் மூன்று தட்டு, இரண்டு தட்டாகியது. இரண்டு தட்டுக்குத் தொட்டியிடம் பெயர் இல்லை. 'அடையாளம் தெரியவில்லை' என்று போட்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

மாரிக்கொழுந்தை ஊற்றுப் பாறைக்குப் பக்கத்தில் எடுத்தார்கள். குடத்தின் கழுத்தை விடாமல் பிடித்திருந்தாள். அவளோடு சேர்த்துப் பதினோரு பேர். காதுக்காரர் அழவில்லை. தங்கையின் முகத்து மண்ணைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, "கேட்டுச்சும்மா, எனக்குக் கேட்டுச்சும்மா," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மதிவதனி அழுதாள். அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்து, இன்னும் அழுதாள்.

அறிக்கை வந்தது. நிலநடுக்கத்தில் சுவர் இடிந்து பதினோரு பேர் இறந்ததாக ஒரு பக்கத்தில். ஆறு தொட்டிகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றன, நகரத்துக்கு ஒரு வேளைகூடக் குடிநீர் நிற்கவில்லை என்று இன்னொரு பக்கத்தில். இரண்டாவது பக்கத்தில் ஒரு பொய்யும் இல்லை. மதிவதனிக்கு அதுதான் தாங்கவில்லை. பூட்டச் சொல்லி இப்போது கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தாள். இவ்வளவு நன்றாக வேலை செய்த கதவை ஏன் பூட்டவேண்டும் என்று மேலேயிருந்து கேட்டு எழுதினார்கள். ஓரக்குடி பற்றி அவள் எழுதிய ஏழு கடிதங்களுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில். மிஞ்சினவர்கள் போக வேறு இடம் இல்லாமல் அதே இடத்தில் தகரத்தை நிமிர்த்திக்கொண்டார்கள்.

காதுக்காரர் பதினாறு நாள் வேலைக்கு வரவில்லை. பதினேழாம் நாள் காலையில் பம்ப் அறைக்குப் போன மதிவதனி, திரையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

'கிழக்கு: ஆள். ஊழியர். பிச்சைக்கண்ணு.'

ஸ்பீக்கரைத் திறந்தாள். டக், டக், சர்ர்.

ஓரக்குடியில் குடியேறிவிட்டார் மனுஷன். செத்துப்போன தங்கையின் வீட்டில். ஒவ்வொரு மணிக்கும் பாறையில் கம்பியை ஊன்றி இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. நூற்று நாற்பது வீட்டுக்காரர்களைத் தொட்டிக்குத் தெரியாது. ஒரு ஊழியரைத் தெரியும். அவர் நிற்கிற பக்கம் அது கதவைத் திறக்காது.

அவள் ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்த்தாள். 

"இப்படியே எத்தனை நாளைக்குண்ணே?"

"கதவைப் பூட்டுறவரைக்கும்."

"பூட்ட மாட்டாங்கண்ணே."

"அப்ப இருக்கறவரைக்கும்," என்றார். "பொய் சொன்ன வாய்க்கு வேற என்ன வேலை இருக்கு? கை செய்யட்டும்."

அவரைக் கிழக்குச் சரிவுக்கே கண்காணிப்புப் பணியில் போட்டு ஒரு உத்தரவு வாங்கிக் கொடுத்தாள். தணிகாசலம் எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டார். அவருக்கும் தூக்கம் வராத நாட்கள் இருந்திருக்கும். அதற்குப் பிறகு மதிவதனி ஓரக்குடிக்குப் போகவில்லை. போக வெட்கமாக இருந்தது. காலையில் வந்ததும் ஸ்பீக்கரைத் திறந்து ஒருமுறை கேட்பாள். டக், டக், சர்ர். சரி, இருக்கிறார் என்று நிம்மதியாக வேலையைப் பார்ப்பாள்.

அடுத்த வருஷம் தை மாசம், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், பூமி மறுபடி ஆடிற்று. முன்னைவிடக் கொஞ்சம் கூட. திரையில் எழுத்துகள் ஓடின. 'வடக்கு: ஆள். மேற்கு: ஆள். கிழக்கு: ஆள். கதவு திறக்கப்படவில்லை.' தொட்டிகள் முழுத் தண்ணீரையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ரப்பர் மெத்தைமேல் கிடந்து ஆடின. பதினாலு நொடி. இரும்பு முனகுகிற முனகல் ஊரெல்லாம் கேட்டது. ஆனால் நின்றுவிட்டன. ஓரக்குடியில் ஒரு ஓலைகூட நனையவில்லை. மதிவதனி மேஜைமேல் தலையைக் கவிழ்த்து, அழுகையும் சிரிப்புமாக, "அண்ணே, ஜெயிச்சுட்டீங்கண்ணே," என்று யாரும் இல்லாத அறையில் சொன்னாள்.

வைகாசியில் அவருக்கு ஓய்வு. மாநகராட்சியில் ஓய்வு பெறுகிறவருக்குச் சந்தன மாலை, சால்வை, குரூப் போட்டோ, கேசரி, காராபூந்தி எல்லாம் உண்டு. விழாவுக்குக் கூப்பிடப் போன் அடித்தால் காதுக்காரர் எடுக்கவில்லை. ஓய்வு உத்தரவு பதிவான அன்று ஊழியர் பட்டியலிலிருந்து பெயர் தானாக நீங்கிவிடும். தொட்டி அவரை மறந்துவிடும். அதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்று அவரிடம்தான் யோசனை கேட்கவேண்டும் என்று மதிவதனி அன்று காலை முள்வேலியில் குனிந்து இறங்கினாள்.

மணி பத்து. டக், டக், சர்ர் என்று பாறையிலிருந்து நேராகவே கேட்டது. சிரித்துக்கொண்டே வேகமாக நடந்தாள்.

பாறைமேல் கம்பியை ஊன்றிக்கொண்டு நின்றது ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும். இவளைப் பார்த்ததும் கம்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஆள் உயரக் கம்பியை எங்கே ஒளிப்பது? தலைக்கு மேலே பித்தளை மூடி மின்னிக்கொண்டு நின்றது.

"காதுக்காரர் எங்க?"

அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீடுகளிலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் வந்து அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். சொல்லுங்கக்கா. அவர் எங்க?"

"நீங்கதான் மதி மேடமா?" என்று கம்பி வைத்திருந்தவள் கேட்டாள். "எம் பேரு அஞ்சலை. அண்ணன் உங்களைப் பத்தி சொல்லும். நீங்க வந்தா மட்டும் மறைக்க வேணாம்னுச்சு." மஞ்சள் கல்லுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். கருவேல மரத்தடியில் ஒரு மண்மேடு. புல் முளைத்து ஒரு மழைக்காலம் பார்த்த மேடு.

"எப்ப?"

"போன ஐப்பசி அடைமழையில. காய்ச்சல். மூணு நாள் அந்த மழையில நனைஞ்சுக்கிட்டே தட்டுச்சு, சொன்னாக் கேக்கல. கடைசியில எந்திரிக்க முடியாம, எங்களை உக்கார வெச்சு சொல்லிக் குடுத்துச்சு. ரெண்டு தட்டு, ஒரு இழுப்பு. இழுக்கும்போது லேசா இடது பக்கம் சாயணும்மா. இல்லைன்னா அதுக்குத் தெரிஞ்சுடுமாம். ஆபீஸுக்குச் சொன்னா பேரை அடிச்சுடுவாங்க, மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. சம்பளப் பணம் பேங்க்ல கிடக்கும்மா, ஒத்த ரூபா நாங்க தொடல. முறை போட்டுத் தட்டுறோம். ராத்திரிக்கு ரெண்டு பேரு."

ஐப்பசி. மதிவதனி விரலை மடக்கிப் பார்த்தாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. தை மாசம் தொட்டியை நிறுத்தி வைத்தது அவர் இல்லை. மண்ணுக்குள் போய் மூன்று மாசம் ஆன மனுஷனுக்காக, இந்தப் பெண்களில் ஒருத்தி இடது பக்கம் சாய்ந்து இழுத்திருக்கிறாள். தினமும் காலையில் நிம்மதி தந்த அந்த ஓசை ஏழு மாசமாக அவருடையதே இல்லை. அது தெரியாமல் தொட்டி ஏமாந்ததைப் பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை. தானும் ஏமாந்தேனே, ஒரு நாள் இறங்கி வந்து பார்க்கவில்லையே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மண்மேட்டின் முன்னால் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல், விரல் முட்டியால் தரையில் மூன்று தட்டு தட்டினாள்.

மத்தியானம் தணிகாசலம் கேட்டார், "என்ன, விழாவுக்கு வர்றாரா உங்க காதுக்காரர்? மாலைக்குச் சொல்லணும்."

"வர மாட்டார் சார். அந்த இடத்தை விட்டு நகர மாட்டேங்கறார்."

"ஓய்வு வந்தா பேரை எடுத்துடுமே."

"அதான் சார். பணி நீட்டிப்பு குடுத்துடலாமா? ரெண்டு வருஷம் குடுக்கலாம்னு விதி இருக்கு. அதுக்குள்ள கதவுக்கு இன்னொரு கடிதம் எழுதறேன்."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அவர் நல்லா இருக்காரா?"

"இருக்கார் சார்."

படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் ஊழியரின் உடல்நிலை என்று ஒரு கட்டம். மேலதிகாரி நேரில் பார்த்துக் குறிப்பிடவும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மதிவதனி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை கை தயங்கவில்லை.

நீட்டிப்பைத் தொட்டியும் ஏற்கவேண்டும். பம்ப் அறைக்குப் போய், அன்று அவர் உட்கார்ந்த அதே ஸ்டூலில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் கேள்வி வந்தது.

'கிழக்குச் சரிவில் ஆள் இருக்கிறாரா?'

ஸ்பீக்கரில் மத்தியானம் மூன்று மணிக்கான தட்டு கேட்டது. டக், டக். இழுப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. முறை மாறி, கைக்குப் பழகாத யாரோ புதுசாகப் பிடித்திருக்க வேண்டும். சர்ர்.

"இருக்கார்," என்றாள் மதிவதனி.